வேகமும் வசமும்: பந்தய மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் தீராத வழக்கு

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் ஓட்டக்களத்தில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் மலேசியச் சுற்று நடைபெற்றது. 1991 முதல் 1997 வரை ஷா ஆலாமில் நடந்துவந்த அப்பந்தயம், 1999-இல் சிப்பாங்கின் புதிய களத்திற்குப் போகுமுன் ஒரே ஓர் ஆண்டு தென்கோடிக்கு வந்து சென்றது. 500 சி.சி. பிரிவில் ஆஸ்திரேலியரான மிக் டூஹன் ஹோண்டா வண்டியில் வெற்றி பெற்றார். 1986-இல் அமைக்கப்பட்ட பாசிர் கூடாங் களத்தின் சுற்று நீளம் 3.86 கிலோமீட்டர். அதற்கு முன்னரே, 1992-இலும் 1993-இலும், உலக சூப்பர்பைக் பந்தயங்களும் அங்கு நடந்திருந்தன. துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த ஊரில் உலகின் மிக விரைவான இருசக்கர வண்டிகள் ஓடிய ஆண்டுகள் அவை.

டூஹன் அன்று ஓட்டிய வண்டியின் ஆற்றல் ஏறத்தாழ 180 குதிரைத்திறன். எடையோ 130 கிலோ. களத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த நம்மவர் வண்டிகளுள் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டுக் குதிரைத்திறனுக்கு உட்பட்டவை. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இளைஞன் ஒரு முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறான்: குதிரைகளைக் கூட்டினால் போதும், வேகம் தானே வரும் என்பதே அது. அம்முடிவு எவ்வளவு தூரம் சரி என்பதை மோட்டார் சைக்கிள் வரலாறு மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்திருக்கிறது. அச்சோதனைகளின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

ஆற்றல் என்பதை எண்ணாற் சொல்லலாம். இயந்திரத்தைச் சோதனைப் பொறியில் ஏற்றி இத்தனை குதிரைத்திறன் என்று அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடலாம். தேநீர்க் கடையில் நண்பனிடம் சொல்லிப் பெருமைப்படலாம். வண்டி ஓட்டுபவனின் கருத்துக்கு இணங்கி வளைவதும், நிற்பதும், நிமிர்வதுமாகிய மற்றொரு தன்மை உண்டே, அதற்கு எண் இல்லை. நம்மவர் அதனை 'வண்டி கைக்கு அடங்கும்' என்ற தொடராற் குறிப்பர். இக்கட்டுரையில் அதனை 'வசம்' என்று வழங்குவோம். எண் இல்லாத காரணத்தாலேயே வசம் சந்தையில் பின்தங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

ஓடும் மோட்டார் சைக்கிள் நிலத்தைத் தொடும் இடம் இரண்டே. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவினது. ஓட்டுநரின் உயிரும் இயந்திரத்தின் ஆற்றலும் அவ்விரண்டு உள்ளங்கைகளின் வழியாகத்தான் சாலையோடு உறவு கொள்கின்றன. டயருக்கு உள்ள பிடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவே. வளைவில் சாய்ந்து திரும்புவதற்குச் செலவானது போக எஞ்சிய பிடிப்பே முன்னோக்கிப் பாய்வதற்குக் கிடைக்கும். அந்த எச்சத்திற்கு மேற்பட்ட குதிரைத்திறன் அவ்வளவும் பின்சக்கரத்தை வழுக்கச் செய்வதற்கன்றி வேறு எதற்கும் பயன்படுவதில்லை. எனவே நேர்பாதையில் 180 குதிரைகளும் தேவைப்படுகின்ற அதே வண்டிக்கு வளைவின் நடுவில் முப்பது குதிரைகளே மிகையாகவும் கூடும்.

வசத்தை ஆக்குவன எவை? முன்சக்கரத்தைத் தாங்கும் கவை எவ்வளவு சரிந்திருக்கிறது, இரு சக்கரங்களின் மையங்களுக்கும் இடையே தூரம் எவ்வளவு, எடையில் எவ்வளவு பங்கு முன்னே விழுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டகம் முறுக்குக்கு எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பனவே. விரைவுப் பந்தய வண்டியில் கவையின் சரிவு 24 பாகையை ஒட்டியும் சக்கர இடைவெளி 1,400 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கும். சரிவு 30 பாகையைத் தாண்டிவிட்டால் நெடுஞ்சாலையில் நேராகப் போவதற்குச் சுகமாயிருக்கும். ஆனால் விரைந்து திரும்பாது. சட்டகம் வலுவற்றதாயின் முன்சக்கரம் ஒரு திசையையும் பின்சக்கரம் வேறொரு திசையையும் நோக்க, கதவின் கீல் போல வண்டி நடுவில் ஆடத் தொடங்கும். 150 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வாறு ஆடத் தொடங்கிய வண்டியை அடக்கும் வலிமை எந்த மனிதனின் கைகளுக்கும் இல்லை.

இந்த வழக்கு முதன்முதலில் முறையாக நடந்த இடம் ஐரோப்பா. உலகப் பந்தயத் தொடர் 1949-இல் தொடங்கியபோது இத்தாலியரின் கிலேரா வண்டி நான்கு சிலிண்டர்களைக் கொண்டிருந்தது. பிரிட்டனின் நார்ட்டன் வண்டிக்கு இருந்ததோ ஒற்றைச் சிலிண்டர், பழைய வடிவம், ஆற்றலில் கிலேராவுக்கு ஈடாகாது. நேர்பாதையில் இத்தாலிய வண்டிகள் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நார்ட்டன் ஓட்டுநர்க்கு வேறு வழியில்லை. அந்நிலையில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தைச் சேர்ந்த மெக்கண்ட்லஸ் சகோதரர்கள் ஒரு புதிய சட்டகத்தை உருவாக்கினர். இரட்டை எஃகுக் குழாய்கள் வண்டியின் இருபுறமும் வளையமாகச் சுற்றிவந்து தலைப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்காகத் தாங்கி நிற்கும் அமைப்பு அது. அதில் ஏறி ஓட்டிய ஹெரால்டு டேனியல் என்னும் ஓட்டுநர் இறகு மெத்தைமேல் இருப்பது போன்றுள்ளது என்று சொன்னாராம். அன்று முதல் 'இறகு மெத்தைச் சட்டகம்' என்பதே அதன் பெயராயிற்று.

1950-ஆம் ஆண்டு மான் தீவில் நடந்த பெரும் பந்தயத்தில் ஜெஃப் டியூக் என்னும் இளைஞர் அப்புதிய சட்டகமுள்ள நார்ட்டனை ஓட்டி வென்றார். அவ்வாண்டின் உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் கிலேராவின் உம்பெர்ட்டோ மசெட்டிக்குப் போயிற்று. ஆனால் 1951-இல் டியூக் 350 சி.சி., 500 சி.சி. ஆகிய இரு பட்டங்களையும் வென்றார். ஆற்றல் குறைந்த வண்டி, வளைவுகளில் சம்பாதித்ததை நேர்பாதையில் இழந்தும் மிச்சம் வைத்திருந்தது என்று இதனைக் கணக்குப் பார்க்கலாம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் வசமே வென்றது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். ஆனால் 1952-இல் பட்டம் மறுபடியும் மசெட்டியிடமே சென்றது. அடுத்த ஆண்டு டியூக்கே கட்சி மாறிக் கிலேராவுக்குப் போய்விட்டார்! பிரிட்டனில் அது பெரும் மனக்கசப்பை உண்டாக்கிற்று. போனவர் அந்த வண்டியை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை; தாம் நார்ட்டனில் அறிந்த வசத்தை இத்தாலிய இயந்திரத்தோடு சேர்க்கும் வகையில் சட்டகத்தை மாற்றச் செய்தார். 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளும் 500 சி.சி. பட்டம் அவருடையதே. ஆற்றலா வசமா என்று கேட்ட வழக்கில் கிடைத்த முதல் தீர்ப்பு இதுதான்: ஒன்றுமட்டும் உள்ளவன் ஓராண்டு வெல்வான், இரண்டையும் ஒரே சட்டகத்தில் பொருத்தியவன் மூன்றாண்டு வெல்வான்.

அக்காலத்தில் நம் பக்கத்துச் சாலைகளிலும் பந்தயங்கள் நிகழ்ந்துகொண்டுதான் இருந்தன. ஜொகூர் பாருவின் நகரச் சாலைகளிலேயே 1940-இல் ஜொகூர் கிராண்ட் பிரிக்ஸ் நடத்தப்பட்டது. போருக்குப் பின்னும் அது நடந்தது. கடற்பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையையே அடைத்து வைத்துக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவிட்டனர். ஒரு பக்கம் நீண்ட நேர்சாலை; மறுபக்கம் மரங்களுக்கும் கால்வாய்களுக்கும் நடுவே பாம்பென நெளியும் வளைவுகள். அங்கே தவறு செய்தவனுக்கு மணல்வெளி காத்திருக்கவில்லை. விளக்குக் கம்பம் காத்திருந்தது. உயிர்ச்சேதங்களுக்குப் பின் 1973-உடன் அப்பந்தயம் நின்றுபோயிற்று. ஆற்றலை மட்டும் நம்பி வந்தவர்களை அந்நெளிவுகள் எளிதில் அடையாளம் கண்டுகொண்டிருக்கும்.

ஜப்பானியர் வந்தபின் குதிரைத்திறனின் கணக்கு தலைகீழாயிற்று. 1969-இல் ஹோண்டாவின் சிபி750 நான்கு சிலிண்டர்களோடும் 67 குதிரைத்திறனோடும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடும் சந்தைக்கு வந்தது. அதுவரை பந்தயக்காரர்க்கு மட்டும் உரியதாயிருந்த ஆற்றல் அலுவலகத்திற்குச் செல்பவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் எடை இருநூறு கிலோவுக்கு மேல். அதே காலத்தில் கவாசாக்கி நிறுவனம் முற்றிலும் வேறு வழியில் சென்றது. மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இயந்திரம், 500 சி.சி., 60 குதிரைத்திறன், எடையோ ஏறத்தாழ 174 கிலோ. எச்1 என்பது அதன் பெயர். 1971-இன் இறுதியில் வந்த அதன் மூத்த உடன்பிறப்பான எச்2 வண்டிக்கு 750 சி.சி.யும் 74 குதிரைத்திறனும்.

அவ்வண்டிகளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நம் காலத்து இளைஞரின் பட்டறைகளில் நடப்பவற்றுக்கு அவையே மூதாதையர். அவற்றின் ஆற்றல் சீராகக் கூடுவதன்று. இயந்திரச் சுழற்சி ஓர் எல்லையைத் தாண்டும்வரை சாதுவாக இருந்து, தாண்டிய நொடியில் சீறிப் பாயும். எடையின் பெரும்பங்கு பின்னே விழுந்ததால் முன்சக்கரம் எளிதில் தரையை விட்டு எழும். அவ்வாறு எழுந்த சக்கரம் திரும்புவதற்கு உதவுமா? சட்டகமோ அந்த இழுப்பைத் தாங்கும் வலு இல்லாதது. எச்1 முதலில் வந்தபோது முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். 60 குதிரைகளுக்கு மாட்டுவண்டிக் கடிவாளம்! மேலைநாட்டார் அவ்வண்டிக்குக் 'கைம்பெண்ணாக்கி' என்று பெயர் வைத்தனர். அப்பெயரையே பெருமையாகக் கொண்டு வாங்கியவர்களும் பலர் என்பது மனித இயல்பின் விந்தை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஒரு வண்டி உண்டு. யமஹாவின் ஆர்டி350 வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350 என்ற பெயரில் 1983 முதல் இந்தியாவில் தயாரித்தது. ஆற்றல் 30 குதிரைத்திறன். அக்காலத்து இந்தியச் சாலைக்கு அது ராக்கெட். ஆனால் ஜப்பானிய மூலத்தில் இருந்த முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக்கைப் பொருத்தினார்கள். ஓடவைக்கும் பகுதியில் சிறிது குறைத்ததோடு நிறுத்தாமல், நிறுத்தும் பகுதியிலும் குறைத்துவிட்டனர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ராஜ்தூத் 350 கொடிகட்டிப் பறந்ததும் உண்மை. அகன்று நீண்ட ஓடுபாதை ஆற்றலுக்குச் சாதகமான களம். அதே வண்டியை மாட்டு வண்டியும் பேருந்தும் கலந்து செல்லும் நகரச் சாலையில் ஓட்டியவர்க்கு அனுபவம் வேறு. 1955 முதல் சென்னையில் உருவாகிய என்ஃபீல்டு புல்லட்டோ ஆற்றலில் அதன் பாதிக்குச் சற்று மேல். ஆனால் போட்ட கோட்டை விட்டு விலகாது என்று அதன் அடியார்கள் சாதிப்பார்கள். மெதுவாகச் செல்லும் வண்டி கோட்டை விட்டு விலகாதது பெரிய செய்தியன்று என்று நான் சொன்னால் அவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

உலகத் தொடரில் 1983-ஆம் ஆண்டு இந்த வழக்கின் மிக நெருக்கமான விசாரணை நடந்தது. யமஹாவின் நான்கு சிலிண்டர் வண்டியில் கென்னி ராபர்ட்ஸ். ஹோண்டாவின் மூன்று சிலிண்டர் வண்டியில் 21 வயது ஃப்ரெடி ஸ்பென்சர். யமஹா ஆற்றல் மிக்கது. ஹோண்டா இலேசானது, விரைந்து திரும்புவது. இருவரும் ஆளுக்கு ஆறு பந்தயங்களை வென்றனர். ஆண்டு முடிவில் ஸ்பென்சருக்கு 144 புள்ளி, ராபர்ட்ஸுக்கு 142. இரண்டே புள்ளிகளில் சிறிய வண்டி வென்றது. வென்ற ஹோண்டா நிறுவனம் அடுத்த ஆண்டு செய்தது என்ன? தானும் நான்கு சிலிண்டருக்கே மாறிற்று! அதிலும் பெட்ரோல் தொட்டியை இயந்திரத்துக்குக் கீழேயும் புகைக்குழாய்களை மேலேயும் வைத்து ஒரு புதுமை செய்து பார்த்தது. எடையைத் தாழ்த்தினால் வசம் கூடும் என்பது ஏட்டுக் கணக்கு. ஓடியபோது பெட்ரோல் குறையக் குறைய வண்டியின் குணம் மாறிக்கொண்டே வந்தது. ஓட்டுநரின் வயிற்றுக்குக் கீழே புகைக்குழாய் கொதித்தது. அடுத்த ஆண்டே தொட்டி தன் பழைய இடத்திற்குத் திரும்பியது.

பாசிர் கூடாங்கில் டூஹன் ஓட்டியது இந்த வண்டியின் வழித்தோன்றலே. அதன் வரலாற்றில் 1992-ஆம் ஆண்டு நிகழ்ந்த மாற்றம், ஆற்றலுக்கும் வசத்துக்கும் உள்ள உறவை வேறெதனினும் தெளிவாகக் காட்டுகிறது. நான்கு சிலிண்டர்களும் சீரான இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதே வழக்கம். ஹோண்டாப் பொறியாளர்கள் அவற்றை ஒரு சுற்றின் சிறிய பகுதிக்குள், ஏறத்தாழ 70 பாகைக்குள், அடுத்தடுத்து வெடிக்கும்படி மாற்றினர். உச்ச ஆற்றல் கூடவில்லை. ஆனால் வெடிப்புகளுக்குப் பின் வரும் நீண்ட அமைதியில், வழுக்கத் தொடங்கிய பின்டயர் மறுபடியும் சாலையைப் பற்றிக்கொள்ள நேரம் கிடைத்தது. உழவன் மாட்டை விடாமல் அடிக்காமல் ஒருமுறை தட்டிவிட்டு மூச்சுவிட இடம் கொடுப்பது போல. வளைவிலிருந்து வெளியேறும்போது ஓட்டுநர் முன்னதாகவே முறுக்க முடிந்தது. சில மாதங்களுக்குள் ஏனைய நிறுவனங்களும் அவ்வழியையே பின்பற்றின.

ஆனால் 1997-இல் டூஹன் மீண்டும் பழைய சீர்வெடிப்பு இயந்திரத்தையே கேட்டு வாங்கி, அவ்வாண்டு 12 பந்தயங்களை வென்றார். கூர்மையாகச் சீறும் அந்த இயந்திரத்தை அடக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது, மற்றவர்க்கு வரவில்லை. வசம் என்பது வண்டியில் மட்டும் இருப்பதன்று, ஓட்டுபவனிடமும் பாதி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1994 முதல் 1998 வரை ஐந்து பட்டங்களை வென்ற அவரது பந்தய வாழ்க்கையும் 1999-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் களத்தில் விழுந்ததோடு முடிந்தது.

அதே காலத்தில் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளையும் 500 சி.சி. பிரிவில் இறக்கிப் பார்த்தார்கள். சிலிண்டர் குறைந்தால் எடை வரம்பும் குறையும் என்பது விதி. இத்தாலியின் அப்ரிலியாவும் பின்னர் ஹோண்டாவும் அவ்வழியில் முயன்றன. தனியே ஓடும் தகுதிச் சுற்றில் அவை வியக்கும்படி விரைந்தன. பந்தயத்திலோ பெரிய வண்டிகள் வளைவில் வழிமறித்து, நேர்பாதையில் ஓடிவிட்டன. வசத்தைப் பயன்படுத்துவதற்கும் முன்னே வழி வேண்டுமே! 1951-இல் நார்ட்டன் செய்ததை 1990-களில் அவற்றால் செய்ய முடியவில்லை. அதற்குள் நான்கு சிலிண்டர் வண்டிகளும் நன்றாக வளையக் கற்றுக்கொண்டிருந்தன.

1999-இல் பந்தயம் சிப்பாங்குக்குச் சென்றது. 5.543 கிலோமீட்டர்ச் சுற்றும், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்பாதைகளும் உள்ள அக்களம் ஆற்றலுக்கென்றே அமைந்தது போலத் தோன்றும். அங்கு முதலாண்டில் வென்றது எது? ஹோண்டாவைவிட ஆற்றலில் குறைந்ததென மதிக்கப்பட்ட சுசூக்கி. ஓட்டியவர் 1983-இல் இரண்டு புள்ளியில் தோற்ற கென்னி ராபர்ட்ஸின் மகன்.

கடையில் விற்கும் வண்டிகளிலும் இத்திருப்பம் வந்தது. 1992-இல் ஹோண்டாவின் ததாவோ பாபா என்னும் பொறியாளர் வடிவமைத்த ஃபயர்பிளேடு 893 சி.சி. இயந்திரத்தோடும் 185 கிலோ எடையோடும் வெளிவந்தது. போட்டியாளரின் ஆயிரம் சி.சி. வண்டிகள் ஆற்றலில் அதனை மிஞ்சின. எடையோ இருநூறு கிலோவுக்கு மேல். பாபா ஆற்றலைக் கூட்டுவதற்குப் பதிலாக எடையைக் குறைத்தார். 1998-இல் யமஹாவின் ஆர்1 வண்டி 150 குதிரைத்திறன், 177 கிலோ என்று இரண்டையும் ஒருங்கே கொண்டுவந்து அவருக்கும் பாடம் சொல்லிற்று. இன்றைய பெரிய வண்டிகள் 200 குதிரைத்திறனைத் தாண்டிவிட்டன. அவற்றை மனிதனுக்கு அடங்கச் செய்பவை பின்சக்கரம் வழுக்குவதை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு ஆற்றலைக் குறைக்கும் மின்னணுக் கருவிகள். வாங்குபவன் 200 குதிரைகளுக்கு விலை கொடுக்கிறான். அவற்றுள் பலவற்றைக் கட்டிவைக்கும் கருவிக்கும் சேர்த்தே கொடுக்கிறான்.

இவையெல்லாம் பணக்காரரின் வண்டிகள். நம்மவரின் வாழ்வோடு கலந்தது வேறொன்று. 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா கப் வண்டியை, பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 50 சி.சி.; நாலரைக் குதிரைத்திறன்; கைக்கிளட்ச் இல்லை. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு நோக்கம் என்பர். வசத்தையே முதன்மையாகக் கருதி ஆற்றலைப் பின்னே தள்ளிப் பிறந்த வண்டி உலகில் உண்டென்றால் அது இதுவே. 2017-இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் 'கப்சாய்' என்று பெயர் பெற்ற அவ்வண்டி, குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மிதிவண்டிக்கு அடுத்தபடியாக லயத்து வாசலில் நின்ற செல்வமாயிற்று. பிள்ளையைப் பள்ளியில் விட்டதும், மாட்டுக்குப் புல் கட்டிவந்ததும், இரவில் பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும் அதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்கு வந்தபின், விடியுமுன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பல்லாயிரவரை இன்றும் சுமப்பது அதன் குலத்து வண்டிகளே.

அதே வண்டியைத்தான் மகன் பட்டறைக்குக் கொண்டுபோகிறான். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்குகிறார்கள், பெரிய கார்புரேட்டர் பொருத்துகிறார்கள், புகைக்குழாயை மாற்றுகிறார்கள். ஆற்றல் இரண்டு மடங்காகவும் மும்மடங்காகவும் ஏறுகிறது. எடையைக் குறைப்பதற்காக மட்கார்டையும் உறைகளையும் கழற்றுகிறார்கள். காற்றுத் தடையையும் உராய்வையும் குறைக்கக் குச்சி போன்ற மெல்லிய டயர்களைப் போடுகிறார்கள். எட்டுக் குதிரைத்திறனுக்கென்று கணக்கிட்டு வளைத்த சட்டகமும், அதற்கேற்ற டிரம் பிரேக்கும் அப்படியே இருக்கின்றன. மெல்லிய டயரில் சாலையைத் தொடும் உள்ளங்கை விரலளவாய்ச் சுருங்குகிறது. பிறகு இருக்கையின்மேல் குப்புறப் படுத்துக் கால்களை நீட்டிக்கொண்டு ஓட்டுகிறான். அந்நிலையில் பிரேக் மிதியில் கால் இல்லை. திருப்புவதற்கு உடல் இல்லை. 1969-இல் கவாசாக்கி தொழிற்சாலையில் செய்த பிழையை இங்கே நூறு வெள்ளி, இருநூறு வெள்ளியாகத் தவணையில் செய்கிறார்கள். நம் நாட்டில் தலைக்கவசம் 1973-இலேயே கட்டாயமாயிற்று. இருந்தும் சாலை விபத்துகளில் மாள்பவருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவரே. அவ்வளவு பேரும் பந்தயம் விட்டவர் அல்லர். பெரும்பாலோர் வேலைக்குப் போனவர்களும் வீட்டுக்குத் திரும்பியவர்களுமே. ஆயினும் ஒரே பிள்ளையை இழந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய், வாசலோரம் நசுங்கிக் கிடக்கும் கப்சாயின் புதுப் புகைக்குழாயைப் பார்த்தவர் நம்மிடையே இல்லாமலில்லை.

இதே சிறிய வண்டிகளை முறையாக ஓடவிடும் கப் பிரிக்ஸ் பந்தயம் 1994-இல் தொடங்கியது. அங்கே வண்டியின் சட்டகத்துக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் இயந்திரத்துக்கு நிகரான கவனம் தரப்படுகிறது. தராதவன் முதல் வளைவிலேயே பின்தங்குவான். அப்பள்ளியில் வளர்ந்தவர் ஹஃபிஸ் ஷாரின். 2012-இல் சிப்பாங்கில் மோட்டோ2 பிரிவில் விருந்தினராகக் கலந்துகொண்டார். அப்பிரிவில் அன்று அனைவருக்கும் ஒரே வகை ஹோண்டா 600 சி.சி. இயந்திரம், வேறுபாடு சட்டகத்திலும் ஓட்டும் திறத்திலும் மட்டுமே. ஆற்றலை ஒன்றாக்கிவிட்டு வசத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் தராசு அது. அன்று மழையும் பெய்தது. உலகத் தொடரின் நிலையான ஓட்டுநர் பலரைப் பின்தள்ளி அவர் 4-ஆம் இடத்தில் வந்தார். 2018-இல் முதன்மைப் பிரிவில் ஓடிய முதல் மலேசியரும் அவரே.

நம் சாலைப் போக்குவரத்து விதிகளோ இன்னும் சி.சி. அளவை மட்டுமே பார்க்கின்றன. பி2 உரிமம் உள்ளவர் 250 சி.சி. வரை எதையும் ஓட்டலாம். எட்டுக் குதிரைத்திறன் உள்ள 100 சி.சி. கப்சாய்க்கும், அதைவிடச் சற்றே பெரிய 133 சி.சி. அளவில் 20 குதிரைத்திறனை எட்டும் யமஹா ஆர்எக்ஸ்இசட் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கும் உரிமம் ஒன்றே. ஆனால் அவ்வுரிமத்தைப் பெறும் தேர்வில் ஒரு பகுதி உண்டு. 'தீத்தி' எனப்படும் குறுகிய மேடைப் பலகையின்மேல் ஏறி, சக்கரம் விலகாமல், கால் ஊன்றாமல் மெல்ல நகர்ந்து மறுபுறம் இறங்க வேண்டும். குறிப்பிட்ட நொடிகளுக்கு முன்னதாக இறங்கிவிட்டால் தேர்ச்சி இல்லை. விரைந்தவன் தோற்கும் ஒரே பந்தயம் அதுதான். பயிற்சிக் களத்தில் நின்று பார்த்தால், வாய் மூடி, மூச்சை அடக்கி, கைப்பிடியை மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் திருப்பிப் பதினேழு வயதுப் பிள்ளைகள் அப்பலகையைக் கடப்பதைக் காணலாம். கடந்தவுடன் உரிமம். உரிமம் கிடைத்த முதல் மாதச் சம்பளத்தில் பெரும்பாலும் முதலில் வாங்கப்படுவது புகைக்குழாய்; டயரும் பிரேக் கட்டையும் தேய்ந்து ஓசை எழுப்பும்வரை காத்திருக்கின்றன.